பின்பாதை விளக்கு

எங்கள் குடியிருப்பில் என் அக்காள் கணவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாசல் காவலாளிக்கு அவர் 'சோலார் அண்ணே'. சங்கச் செயலாளருக்கு 'நம்ம சோலார்'. தபால்காரர்கூட ஒருமுறை 'சோலார் வீடு எதும்மா?' என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார். எனக்கு மட்டும் மாமா. கோபம் வந்தால் கல்லுளிமங்கன். எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

மாமா முன்பு ஒரு நூற்பாலையில் மின்சார வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். அதற்குச் சில வருடம் முன்னால்தான் குடியிருப்பின் பாதை முழுக்க சோலார் விளக்குகளை நட்டிருந்தார்கள். விற்ற ஆள், "மாட்டிட்டு மறந்துடலாம் சார், கரண்ட் பில்லே வராது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இவர்களும் சொன்ன பேச்சு தட்டாமல் மறந்துவிட்டார்கள். மாமா வந்து பார்த்தபோது பாதி விளக்குகள் எரியவில்லை, மீதி எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. பேனல் மேல் பறவை எச்சம் காய்ந்து சுண்ணாம்பு பூசினது போல் இருந்ததாம். பேட்டரிப் பெட்டிகளில் எறும்புகள் குடித்தனம் நடத்தின.

அவருக்குச் சம்பளத்தோடு பம்ப் அறையை ஒட்டி ஒரு வீடும் கொடுத்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு சந்து. என் கணவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சமையலறையில் இன்னொரு ஆணி அடித்து, "பையை இதுல மாட்டிக்க வாயாடி" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அவரைப் பேசவைக்க ஒரே வழி விளக்கைப் பற்றிக் கேட்பது. மூன்றாவது மாடி ஆசிரியை தன் பால்கனிக்கு ஒன்று வாங்கப்போகிறேன் என்று வந்தார். "எத்தனை வருஷம் வருங்க?" என்றார். எல்லோரும் கேட்கும் கேள்வி.

"நீங்க பாத்துக்கிறதைப் பொறுத்ததுங்க. பேனல் இருபது வருஷம் தாண்டும். போகப்போக கொஞ்சம் சோர்ந்து போகும், அவ்வளவுதான். எல்.இ.டி. பத்து வருஷம் உழைக்கும். பேட்டரிதான் சீக்காளி. நல்லதா இருந்தா அஞ்சாறு வருஷம் வரும். கவனிக்காம விட்டா ரெண்டே வருஷத்துல படுத்துடும்."

"கவனிக்கிறதுன்னா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. பேனலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பச்சைத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், சோப்புத்தூள் கூடாது. மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று மழைக்கு முன்னால் பார்க்க வேண்டும். பேட்டரி முனையில் பச்சை பூத்தால் சுரண்டிவிட்டு வாஸ்லின் தடவ வேண்டும். நிழல் கூடவே கூடாது. ஆசிரியை கொட்டாவியை மறைத்துக்கொண்டு தலையாட்டினார். என் அக்கா உள்ளேயிருந்து, "விடுங்க, அவங்க விளக்கே வேணாம்னு ஓடிடப் போறாங்க" என்றாள்.

அக்கா தையற்காரி. குடியிருப்பின் பின்வாசலுக்கு வெளியே இருக்கும் தையல்கடையில் வேலை. பொழுது சாயும் நேரத்தில் கடை அடைத்ததும் பின்பாதை வழியாக நடந்து வருவாள். ஒருபக்கம் சுற்றுச்சுவர், ஒருபக்கம் மரங்கள், நடுவில் மூன்று இடத்தில் படி இறங்கும். அந்தப் பாதையை அவளைத் தவிர ஆட்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. அந்த நேரத்தில் மாமா முன்பக்கத்தில் தண்ணீர் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நான் பேக்கரியில் ரொட்டி கட்டும் வேலை முடிந்து வர இன்னும் நேரமாகும். ஆகவே அக்கா தனியாகத்தான் வருவாள்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், சாப்பிடும்போது ஒருநாள் சொன்னாள். "பின்பாதையில லைட்டு மங்கலா இருக்குங்க. படி சரியாத் தெரியல."

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர் விளக்கைக் குறை சொல்வது அவர் பெற்ற பிள்ளையைக் குறை சொல்வது போல. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது, அதனால் இன்னும் அதிகம். மறுநாள் விடிந்ததும் ஏணியோடு போய்ப் பின்பாதை பேனல்களை எல்லாம் கழுவினார். பட்டப்பகலில் விளக்கைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை உண்டு. ஏணியில் ஏறிப் பேனலை ஒரு கறுப்புத் துணியால் மூடுவார். பேனல் இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். அப்படிப் பார்த்ததில் எல்லாம் ஒழுங்காக எரிந்தன.

"இன்னைக்கு எப்படி?" என்று இரவு கேட்டார்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள் அக்கா.

அடுத்தது நிழல். பின்பாதை மரங்கள் மழையில் தழைத்துப் பேனல் மேல் சாய்ந்திருந்தன. கிளையில் கை வைக்கக் கூடாது என்று தோட்டக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து மாமா மரத்தில் ஏறி வெட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்த தோட்டக்காரர் போட்ட கூச்சல் எங்கள் வீடுவரை கேட்டது. பிறகு விளக்கின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே இறங்கியிருந்த ஈரத்தைத் துடைத்து ரப்பர் மாற்றினார். பேனல்களைச் சூரியன் போகும் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார். ஒயர் முனைகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். ஒவ்வொரு நாளும் அக்கா வந்து நிற்பாள். இவர் முகத்தைப் பார்ப்பார். அவள் உதட்டைப் பிதுக்குவாள்.

நான் கேலி செய்யாமல் இருப்பேனா? "மாமா, உங்க லைட்டுக்கு உங்க பொண்டாட்டிகிட்டயே மரியாதை இல்ல" என்றேன். அக்காவையும் விடவில்லை. அந்த நாட்களில் அவள் நடை ஒரு மாதிரி ஆகியிருந்தது. வழியில் எதிரே வருகிறவர்களைத் தோளில் இடித்துவிட்டுப் போவாள். பக்கவாட்டில் நிறுத்தியிருக்கும் சைக்கிளில் முட்டிக்கொள்வாள். நான் அவளுக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்தால் தட்டிவிடுவாள். "யாரையும் கண்ணெடுத்துப் பாக்க மாட்டேங்கிறே, அவ்வளவு திமிரா?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

கண்ணைப் பற்றி எங்கள் மூன்று பேருக்கும் சந்தேகமே வராததற்குக் காரணம் இருந்தது. என் அக்கா கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தையலைப் பிரித்தாள். நானே என் ஊசியை அவளிடம்தான் நீட்டுவேன். அப்படிப்பட்டவள் விளக்கு மங்கல் என்றால் விளக்குதான் மங்கல். எந்த வீட்டிலும் கண்ணைத்தான் முதலில் காட்டச் சொல்லியிருப்பார்கள். விளக்குக்காரர் வீட்டில் விளக்கைப் பழுது பார்த்தார்கள்.

கடைசியாக மிச்சம் இருந்தது பேட்டரி. அது போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதனால் அதில் கை வைக்க மாமா தயங்கிக்கொண்டே இருந்தார். ஒருநாள் சாயங்காலம் அவரை வெகுநேரம் காணவில்லை. வந்தவர் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுச் சந்தில் போய் நின்றுகொண்டார். மறுநாள் காலை அவருக்கு என்ன பேய் பிடித்ததோ, செயலாளர் அறைக்குப் போய் முன்வாசலுக்காக வாங்கி வைத்திருந்த புது பேட்டரிகளைப் பின்பாதைக்குக் கேட்டார்.

"அங்க யாருய்யா நடக்கிறாங்க, உன் வீட்டம்மாவைத் தவிர?" என்று செயலாளர் கேட்டாராம்.

அதற்கு மாமா மேசையில் தட்டிக் கத்தினார் என்று காவலாளி எங்களிடம் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் கத்துவார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஆனால் பேட்டரி வந்துவிட்டது. மாலைக்குள் மாற்றிவிட்டு, அக்கா கடையிலிருந்து வரும் நேரத்துக்குப் பின்வாசலிலேயே போய் நின்று கையோடு கூட்டிவந்தார். அன்று எனக்கு விடுமுறை. வேடிக்கை பார்க்க நானும் போனேன். பாதை முழுக்க வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

"இப்ப எப்படிம்மா?" என்றார் மாமா.

அக்கா நின்று அண்ணாந்து பார்த்தாள். "இப்பத்தாங்க நல்லா இருக்கு. பகல் மாதிரி இருக்கு."

அன்று மாமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பின்பாதைப் பேச்சு அதோடு முடிந்தது. அப்புறம் பல மாதம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குளிர் போய் வெயில் வந்தது. மாமா கோடைக்காலப் புழுதியைக் கழுவும் வேலையில் இருந்தார்.

வெயிலும் முடிகிற நேரத்தில் அக்கா அந்தப் படியில் விழுந்தாள். விளக்கு அவள் தலைக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருந்தது. தூக்கிவந்த காவலாளி அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப்போட்ட மருத்துவர், எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். பிறகு பேசிக்கொண்டே தன் கையை அவள் காதுப் பக்கமாகக் கொண்டுபோய் விரலை ஆட்டினார். அக்கா எதையும் கவனிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து, "நாளைக்கே கண்ணு டாக்டரைப் பாருங்க" என்றார்.

கண் மருத்துவமனையில் அவளை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, பெரிய வெள்ளைக் கிண்ணம் போல இருந்த கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நல்ல கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். கிண்ணத்துக்குள் அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி எரியும், பார்த்ததும் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை. எங்களை உள்ளே விட்டிருக்கக் கூடாது. சோதனை செய்த பெண் இரக்கப்பட்டு விட்டாள். எந்தப் புள்ளி எரிகிறது என்று அவளுக்கு முன்னால் இருந்த திரையில் காட்டியது. மாமா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் ஒன்று எரிந்தது. பொத்தான் சத்தம் கேட்கவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று. சத்தம் இல்லை. நடுவில் எரிந்தபோது மட்டும் டக் என்றது. மறுபடியும் ஓரத்தில் வரிசையாக எரிந்து அணைந்தன. அக்கா கருத்தாக, பரீட்சை எழுதும் பிள்ளை போல, காத்துக்கொண்டிருந்தாள்.

கண் அழுத்த நோய் என்றார் மருத்துவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், வலி இருக்காது, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், நடுப்பார்வை கடைசியில்தான் போகும் என்றார். வெளிச்சம் போதவில்லை என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றுமாம். வலது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மிச்சம்.

"எதையாவது மாத்த முடியாதுங்களா?" என்று மாமா கேட்டார்.

"நரம்பை மாத்த முடியாதுங்க. போனது போனதுதான். இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாம். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நிறைய மிஞ்சியிருக்கும்."

மாமா சரிங்க என்றார். அக்காவும் சரிங்க டாக்டர் என்றாள். நான் ஒரு பாட்டம் அழுவேன் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து மருந்துக் கடையில் நின்றோம், பேருந்துக்கு நின்றோம். யாரோ ஒருவருடைய அக்காவுக்குக் கண் போன மாதிரி இருந்தது.

வீட்டிலும் அப்படியேதான் ஓடியது. காலையில் மாமா ஏணியை எடுத்துக்கொண்டு போவார், கழுவுவார், வருவார். அக்கா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்கு மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் கீழிமையை இழுத்துச் சொட்டு மருந்து விடுவார். விட்டதும் கண் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார், மருத்துவமனையில் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். இரண்டு பேரும் அந்த நேரத்தில்கூடப் பேசிக்கொள்வதில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "ரப்பரை மாத்துனீங்க, பேட்டரிய மாத்துனீங்க, மரத்தை வெட்டுனீங்க. ஒருநாள், ஒரே ஒருநாள், உன் கண்ணைக் காட்டுன்னு உங்களுக்குச் சொல்லத் தோணலையா மாமா?"

"இல்லம்மா" என்றார். உள்ளே போய்விட்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த 'இல்லம்மா'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பாத்திரங்களைத்தான் உருட்டினேன்.

அதன் பிறகு குடியிருப்பில் யார் வந்து விளக்கு சரியில்லை என்றாலும் மாமா ஏணியை எடுப்பதில்லை. "கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்பார். மூன்றாவது மாடி ஆசிரியையிடம் சொன்னார், அவர் பயந்துபோய் உண்மையிலேயே காட்டிவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை. பேட்டரிதான் போயிருந்தது. தோட்டக்காரரிடம் சொன்னபோது, "லைட்டே எரியலைங்கிறேன், இதுல என் கண்ணு எங்கய்யா வந்துச்சு?" என்று அவர் செயலாளரிடம் போய்விட்டார். செயலாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். மாமா கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அடுத்து வந்தவரிடமும் அதையேதான் சொன்னார். ஊர் சிரித்தது. நான் சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

நேற்று முன்தினம் பேக்கரிக்கு விடுமுறை. சாயங்காலம் நான் உலர்ந்த துணியை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலில் இருந்தாள். மாமா வேலை முடிந்து வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணுங்க" என்றாள் அக்கா.

"சொல்லு."

"பேட்டரி மாத்திட்டு என்னைக் கூட்டிட்டு வந்து காட்டுனீங்கல்ல. பகல் மாதிரி இருக்குன்னு சொன்னேன்ல. பொய்ங்க அது. முந்தின நாள் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருந்துச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, லைட்டுல ஒண்ணும் இல்லன்னு. மரத்துல ஏறி, சண்டை போட்டு, மனுஷன் இவ்வளவு செஞ்சிட்டு நிக்கிறாரே. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன். அத்தனை மாதம். வாயைத் திறந்தேன், ஆனால் அதற்குள் மாமா பேசினார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேட்டரி மாத்துறதுக்கு முந்தின நாள் நான் பின்பாதையில போய் நின்னேன், நீ கடையில இருந்து வர்ற நேரத்துக்கு. லைட்டுக்குக் கீழேயேதான் நின்னேன். நல்லாதான் எரிஞ்சுது. தரையில போன எறும்பு தெரிஞ்சுது. நீ வந்தே. கையை நீட்டினா தொட்டுடலாம், அவ்வளவு பக்கத்துல என்னைத் தாண்டிப் போனே. என்னைப் பாக்கல."

நான்தான் கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு மாமா மறுநாள் போய்ப் பேட்டரிய மாத்துனீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"லைட்டுன்னா மாத்திடலாம்ல" என்றார்.

அக்கா, "நேரமாச்சு, மருந்து விடுங்க" என்றாள். அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவள் அண்ணாந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. மடித்து வைத்திருந்த துணியை உதறி மறுபடியும் மடித்தேன்.